மலிவு என்பது யாருடைய நேரம்?

ஒரு பெண்ணைப் பாராட்டத் தமிழில் பல சொற்கள் உண்டு. அவற்றில் யாரும் சந்தேகிக்காத சொல் 'சிக்கனமானவள்'. 'அடக்கமானவள்' என்று சொன்னால் யாருக்கு அடக்கம் என்று திருப்பிக் கேட்கப் பெண்ணியம் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. 'பொறுமைசாலி' என்றால் எதைப் பொறுத்துக்கொண்டாள் என்று கேட்கிறோம். சிக்கனத்தை மட்டும் அப்படி நிறுத்தி விசாரித்ததில்லை. கையில் இருப்பதை வைத்துச் செட்டாகக் குடும்பம் நடத்துவது நல்ல குணம்தானே, அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் தோன்றும். யாருக்கு நஷ்டம் என்பதைத்தான் இங்கே யோசித்துப் பார்க்க விரும்புகிறேன். இந்தக் குணம் வீட்டுக்குள் இருக்கும்வரை அதன் உறுப்புகள் தெரிவதில்லை. வேற்றூருக்குக் கொண்டுபோனால் தெரிகின்றன.

பணி ஓய்வுக்குப் பிறகு நானும் கணவரும் மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுன் நகரில், 28 நாள் தங்கினோம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள்வரை விசா இல்லாமல் மலேசியாவில் தங்கலாம் என்று ஆனபிறகு, எங்களைப் போன்ற ஓய்வூதியக்காரர்களுக்கும் இப்படி ஒரு நினைப்பு வந்தது. இது ஐந்து நாளில் பத்து இடம் பார்க்கிற சுற்றுலா இல்லை. ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் மொத்தமாகப் பேசி எடுத்த அறை, டவுன் பஸ், தெருக்கடைச் சாப்பாடு, தினமும் நோட்டில் எழுதும் கணக்கு. அறைக்கு ஒரு நாளைக்கு 65 ரிங்கிட். அப்போது ரிங்கிட் ஒன்றுக்கு ஏறக்குறைய 20 ரூபாய். கணக்கு எழுதியது நான். நம் வீடுகளில் பணத்தைச் செலவழிக்கும் முடிவு ஒருவருடையதாகவும் அதை மிச்சப்படுத்தும் பொறுப்பு இன்னொருவருடையதாகவும் இருப்பது வழக்கம். அந்த வழக்கம் கடல் கடந்தும் மாறவில்லை.

ஜார்ஜ்டவுனில் சிக்கனப் பயணிகள் தங்கும் விடுதிகள் நெருக்கமாக இருப்பது சூலியா தெருவிலும் அதிலிருந்து பிரியும் லவ் லேனிலும். சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்களை அங்கே அழைத்த பெயர். லவ் லேன் என்ற பெயருக்குப் பல கதைகள் சொல்கிறார்கள். பணக்கார ஆண்கள் தங்கள் ஆசைநாயகிகளை அந்தச் சந்தில் குடிவைத்திருந்தார்கள் என்பது ஒன்று. கதை உண்மையோ இல்லையோ, அதில் காதலிக்கிற ஆண் வந்துபோகிறவன், பெண் இருக்க வைக்கப்பட்டவள். கொஞ்சம் நடந்தால் லிட்டில் இந்தியா. குயின் தெருவில் 1833-ல் எழுந்த மாரியம்மன் கோயில். தமிழ் கேட்டுக்கொண்டே காலைப் பலகாரம் சாப்பிடலாம்.

இந்த ஊர் 'மலிவானது' என்று பயண வழிகாட்டிகள் சொல்லும். மலிவு என்பது நீளம், எடை போல ஒரு பொருளில் ஒட்டிக்கொண்டிருக்கும் குணம் இல்லை. அது இரண்டு பேருக்கு இடையிலான உறவு. 65 ரிங்கிட் அறை எனக்கு மலிவு. அதே நகரத்தின் மாடிகளில் தலைமுறையாகக் குடியிருந்தவர்களுக்கு அது எட்டாத வாடகை. 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை மலேசியாவில் ஒரு சட்டம் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. 1997-ல் அதை நீக்க முடிவெடுத்தார்கள். 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு போய்விட்டது. கீழே கடையும் மேலே குடும்பமுமாக வாழ்ந்த கைவினைஞர்கள், சில்லறை வியாபாரிகள், வயதானவர்கள் பலர் உயர்ந்த வாடகை கொடுக்க முடியாமல் நகரத்தின் நடுப்பகுதியை விட்டுப் போனார்கள். 2008-ல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை மலாக்காவுடன் சேர்த்து உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. 2012-ல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸக்காரெவிச் சுவர்களில் வரைந்த குழந்தைகளைப் பார்க்க இன்றும் கூட்டம் நிற்கிறது. சுவரில் குழந்தைகள் வந்த அதே தெருக்களிலிருந்து உயிருள்ள குழந்தைகள் பலர் வாடகை தாங்காமல் குடும்பத்தோடு போயிருந்தார்கள். பயணிக்கு ஒரு மாடி அறை மலிவாகக் கிடைப்பதற்கு முன்னால் அது வேறொருவருக்கு விலை கூடியதாக மாறியிருக்க வேண்டும்.

இது ஊரின் கணக்கு. அறைக்குள்ளும் ஒரு கணக்கு உண்டு.

அறை தேடும்போதே நான் ஒரு நிபந்தனை வைத்தேன்: சமையலறை வேண்டாம். நீண்ட நாள் தங்குபவர்கள் செலவைக் குறைக்கச் சமையலறையுள்ள வீட்டைத்தான் தேடுவார்கள். 'நாமே சமைத்துக்கொள்ளலாம்' என்கிற வாக்கியத்தில் 'நாம்' யார் என்பது எந்தப் பெண்ணுக்கும் தெரியும். கணவன் ஓய்வு பெற்றால் ஓய்வு. மனைவி ஓய்வு பெற்றால் அலுவலகம் குறைகிறது, அடுப்பு அப்படியே இருக்கிறது. பினாங்கில் சமைக்காமலே ஒரு மாதம் ஓட்டலாம். காலையில் ரொட்டிச் சனாய், மதியம் நாசி கண்டார், மாலையில் ஏதாவது ஒரு தெருக்கடை மேசை. நாற்பது வருடத்தில் முதல்முறையாக 28 நாள் தொடர்ந்து நான் 'இன்றைக்கு என்ன சமைக்கலாம்' என்று யோசிக்கவில்லை. அந்த ஓய்வை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். பெண்ணின் விடுதலையைப் பற்றிப் பேசும்போது பெரிய சொற்களைத் தேடுகிறோம். காலையில் எழுந்ததும் மனத்தில் ஊறப்போட்ட பருப்பு இல்லாமல் இருப்பதும் விடுதலைதான்.

ஆனால் துணி இருக்கிறது. மூலைக்கு மூலை தானியங்கி டோபிக் கடைகள் உண்டு. நம் 'டோபி' மலாயிலும் 'டோபி'தான். துவைத்துக் காயவைக்க ஒரு தடவைக்கு 10 ரிங்கிட் ஆனது. சின்னத் துணிகளைக் குளியலறையிலேயே அலசிப் போட்டால் இது மிச்சம். மாதக் கடைசியில் நோட்டைக் கூட்டியபோது துணி வகையில் 60 ரிங்கிட் மிச்சமாகியிருந்தது. "பரவாயில்லையே, 60 ரிங்கிட்!" என்றார் கணவர். அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது என்று அந்த நோட்டு சொல்லவில்லை. தினமும் மாலையில் அரைமணி நேரம் ஒருவர் குளியலறையில் குனிந்து நின்றிருந்தார். அந்த அரைமணி நேரங்களுக்கு நோட்டில் பத்தி இல்லை. பணம் செலவானால் எழுதுகிறோம், பெண்ணின் நேரம் செலவானால் எழுதுவதில்லை. எழுதாத செலவுக்குத்தான் சிக்கனம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

நியூசிலாந்து நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மெரிலின் வேரிங், 1988-ல் வெளிவந்த தன் நூலில், நாடுகளின் வருமானக் கணக்கையே இந்தக் கேள்வியோடு அணுகினார். ஒரு நாட்டின் உற்பத்தியைக் கூட்டும் முறை, பெண்கள் கூலியில்லாமல் செய்யும் வேலையை வேலையாகவே பதிவு செய்வதில்லை என்று காட்டினார். நாட்டின் பேரேடும் என் கையிலிருந்த 80 பக்க நோட்டும் ஒரே இலக்கணத்தில் எழுதப்பட்டவை. எது எழுதப்படவில்லையோ அது இலவசம் என்று இரண்டும் நம்புகின்றன.

இவ்வளவுவரை இது பழகிய பெண்ணியப் பாதை. அநீதி எனக்கு இழைக்கப்பட்டது என்று முடித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வீட்டில் இன்னொரு பெண் இருந்தார்.

நாங்கள் தங்கிய கடைவீட்டின் பின்பகுதியில் உரிமையாளரின் குடும்பம் இருந்தது. அந்தக் குடும்பத்துக்குச் சமைத்து, துவைத்து, வீட்டுப் பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ள ஜாவாவிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தார். மாடியில் விருந்தினர் அறைகளைக் கூட்டித் துடைத்து விரிப்பு மாற்றியதும் அவர்தான். நாற்பது வயதிருக்கும். வந்த இரண்டாம் நாள் மலாயில் என்னிடம் கேட்டார், எத்தனை பிள்ளைகள் என்று. விரல்களைக் காட்டினேன். அவர் ஒரு விரலைக் காட்டி, பிறகு அதே விரலைக் கடல் பக்கம் நீட்டினார். மகள் ஊரில் பாட்டியிடம் வளர்கிறாள். என்னுடைய அடுப்பில்லாத 28 நாளும் அவருடைய அடுப்பும் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

இங்கே சட்டம் சொல்வதைக் கவனிக்க வேண்டும். மலேசிய வேலைவாய்ப்புச் சட்டத்தில் வீட்டுவேலை செய்பவரைக் குறிக்கும் சொல் நெடுங்காலம் 'வேலையாள், ஏவலாள்' என்ற பொருளில் இருந்தது. 2022-ல் செய்த திருத்தம் 2023 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தபோது அது 'வீட்டுவேலைத் தொழிலாளி' என்று மாறியது. பெயர் மாறியது நல்லது. ஆனால் வேலை நேரம், வார ஓய்வு, பேறுகாலப் பாதுகாப்பு பற்றிய பிரிவுகள் அவருக்குப் பொருந்தாது என்ற விலக்கு நீங்கவில்லை. குறைந்தபட்ச ஊதியம் 2022-ல் 1,500 ரிங்கிட்டாகவும் 2025-ல் 1,700 ரிங்கிட்டாகவும் உயர்ந்தது. அந்த ஆணைகளும் வீட்டுவேலைத் தொழிலாளர்களை வெளியே நிறுத்தின. இந்தோனேசியப் பெண்களுக்கு 1,500 ரிங்கிட் என்று 2022 ஏப்ரலில் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தத்தில் பேசி முடித்தன. ஒரு நாட்டுப் பெண்களுக்கு ஒப்பந்தத்தால் கிடைத்தது எல்லாப் பெண்களுக்கும் சட்டத்தால் கிடைக்கவில்லை. வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கான சர்வதேச உடன்படிக்கை 2011-ல் ஜெனீவாவில் நிறைவேறியது. மலேசியா அதில் இணையவில்லை; இந்தியாவும் இணையவில்லை என்பதை மறக்க வேண்டாம்.

அதே சட்டத்தின் வரையறை இன்னொன்றும் சொல்கிறது. வீட்டுவேலைத் தொழிலாளி என்பவர் தனிவீட்டின் வேலையைச் செய்பவர்; அந்த வீட்டில் முதலாளி நடத்தும் வியாபாரத்தின் வேலை அதில் சேராது. அப்படியானால் பெரியம்மாவின் படுக்கையை விரிக்கும்போது அவர் ஒரு வகைத் தொழிலாளி, மாடியேறி என் படுக்கையை விரிக்கும்போது வேறு வகை. பதினெட்டுப் படிகள் ஏறுவதற்குள் அவருடைய உரிமைகள் மாற வேண்டும். காகிதத்தில் மாறும். மாடிப்படியில் எதுவும் மாறுவதாக நான் பார்க்கவில்லை. வீடு விடுதியாக மாறும்போது உரிமையாளருக்கு வருமானம் கூடுகிறது, பயணிக்கு வாடகை குறைகிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பெண்ணுக்குப் படிகள் மட்டும் கூடுகின்றன.

மலேசிய வீடுகளில் இப்படி வேலை செய்யும் பெண்ணைக் 'காகாக்' என்று கூப்பிடுவது வழக்கம். அக்கா என்று அர்த்தம். நாமும் வீட்டுவேலை செய்பவரை 'அக்கா' என்கிறோம். அந்தச் சொல்லில் மரியாதை இருக்கிறது, பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உறவுமுறைச் சொல் ஒரு வேலையையும் செய்கிறது. அக்காவிடம் வேலை நேரம் பேச மாட்டோம். அக்காவுக்கு மிகைநேரக் கூலி கிடையாது. உறவு என்று அழைப்பதன் மூலம் கூலி உறவின் கேள்விகளை வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம். என் வீட்டில் என் உழைப்பைக் கணக்கில்லாமல் ஆக்கியதும் இதே மந்திரம்தான்: மனைவி, அம்மா, அன்பு. குளியலறையில் என் அரைமணி நேரத்தை விழுங்கிய சொல்லும் மாடிப்படியில் அவருடைய நாளை விழுங்கிய சொல்லும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இதனால் நாங்கள் இருவரும் ஒன்று என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. பெண்ணியம் அவசரப்பட்டுக் கட்டிப்பிடிக்கும் இடம் இது. என் கடவுச்சீட்டு என் கைப்பையில் இருந்தது. 30 நாளுக்கு எந்த முதலாளியின் பெயரும் இல்லாமல் நான் அந்த நாட்டில் நடமாடலாம். அவருடைய வேலை அனுமதி ஒரு முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. வேலையை விட்டால் நாட்டில் தங்கும் உரிமையும் போய்விடும். மூடிய கதவுக்குள் அந்தக் கட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதே மாநிலத்தில் ஒரு சாவு சாட்சி. 2018 பிப்ரவரியில், தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள புக்கிட் மெர்தாஜாமில், ஒரு வீட்டின் திண்ணையிலிருந்து காயங்களோடு மீட்கப்பட்ட இளம் இந்தோனேசியத் தொழிலாளி மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். வழக்கில் யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. என் நிலைமையோடு இதை ஒப்பிட்டால் என் குளியலறைப் புகார் சிறியது. ஆனால் சிறியது என்பதால் தொடர்பில்லாதது ஆகிவிடாது. பெண்ணின் நேரத்துக்கு விலை இல்லை என்ற ஒரே விதி, என்னிடம் அரைமணி நேரம் எடுக்கிறது. அவரிடம் மகளின் குழந்தைப் பருவத்தை எடுக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷில்ட் இதை உலகளாவிய பராமரிப்புச் சங்கிலி என்றார். வசதியுள்ள வீட்டின் வேலையை ஏழை நாட்டுப் பெண் செய்கிறாள், அவள் விட்டுவந்த வீட்டின் வேலையை அவளுடைய அம்மா செய்கிறாள். ஒவ்வொரு கண்ணிக்கும் கூலி குறைந்துகொண்டே போய், கடைசிக் கண்ணியில் கூலியே இல்லை.

இந்த இடத்தில் மூன்று பதில்கள் வழக்கமாக வரும்.

முதலாவது: நாம் போவதால்தானே அவர்களுக்கு வேலை கிடைக்கிறது. இதில் உண்மை உண்டு. 2020 மார்ச்சில் மலேசியா எல்லைகளை மூடியது. முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரலில். அந்த இரண்டு வருடம் சுற்றுலாவை நம்பிய ஊர்களில் என்ன நடந்தது என்று பார்த்தவர்கள், பயணி வராமல் இருப்பதே நீதி என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒருவருக்கு நாம் தேவைப்படுகிறோம் என்பது, நாம் கொடுக்கும் விலை நியாயமானது என்பதற்கு ஆதாரம் ஆகாது. பசியோடு இருப்பவர் எந்தக் கூலிக்கும் சம்மதிப்பார். அந்தச் சம்மதத்தைக் காட்டி நாம் நியாயம் பேசக் கூடாது.

இரண்டாவது: அப்படியானால் போகவே வேண்டாம். இது தூய்மையான பதில் போலத் தெரியும். வீட்டிலேயே இருந்தால் நம் கை சுத்தமாக இருக்கும் என்று இது நினைக்கிறது. நம் தெருவில் காலையில் பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணின் நேரத்துக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்று கேட்டால் அந்தச் சுத்தம் போய்விடும். மேலும், வீட்டிலேயே இரு என்பது பெண்களுக்குப் புதிதாகச் சொல்லப்படும் அறிவுரையும் இல்லை.

மூன்றாவது: கூடுதலாகக் கொஞ்சம் கையில் கொடுத்துவிட்டு வரலாம். கொடுக்கலாம், கொடுப்பதைத் தடுக்க மாட்டேன். ஆனால் அன்பளிப்பு கொடுப்பவரின் நல்ல மனத்தை நம்பியிருக்கிறது. அடுத்த மாதம் வரும் தம்பதிக்கு அந்த மனம் இல்லாவிட்டால் அவருக்கு எதுவும் இல்லை. வார ஓய்வு நாள் யாருடைய மனத்தையும் நம்பியிருக்கக் கூடாது என்பதற்குத்தான் சட்டம். சிந்தியா என்லோ 1989-லேயே, உலக அரசியலைப் புரிந்துகொள்ள விடுதி அறையைச் சுத்தம் செய்யும் பெண்ணையும் பார்க்க வேண்டும் என்று எழுதினார். அவளை இரக்கத்துக்குரியவளாக மட்டும் பார்த்தால் அரசியலைப் பார்க்கத் தவறிவிடுவோம்.

இந்த மூன்றும் போதவில்லை என்றால் மிச்சம் என்ன? மலிவை ஒரே சரக்காகப் பார்ப்பதை நிறுத்தலாம் என்று நினைக்கிறேன். மலிவு இரண்டு வகை. ஒன்று பகிர்வதால் வருவது. ஜார்ஜ்டவுனில் நகரத்தைச் சுற்றிவரும் இலவசப் பேருந்து இருக்கிறது. பட்டர்வொர்த்துக்குப் போகும் படகில் நூறு பேரோடு நாமும் ஏறலாம். தாவரவியல் பூங்காவில் காலை நடை யாருக்கும் இலவசம். தெருக்கடை மையத்தில் பத்துக் கடைக்கும் பொதுவான மேசைகள். இங்கே என் செலவு குறைவது, ஒரு பொருளைப் பலர் சேர்ந்து பயன்படுத்துவதால். இன்னொன்று பறிப்பதால் வருவது. வார ஓய்வு இல்லாத ஒருவரால் குறையும் வாடகை, மனைவியின் கணக்கில்லாத மாலைகளால் மிச்சமாகும் பணம், பேரம் பேசிப் பேசித் தெருவோர விற்பனையாளப் பெண்ணின் லாபத்திலிருந்து பிடுங்கும் இரண்டு ரிங்கிட். இரண்டுக்கும் நோட்டில் ஒரே பெயர். அறத்தின் கணக்கில் இவை எதிரெதிர். பகிர்ந்து வரும் சிக்கனம் ஒரு நற்குணம். அதைப் பெண்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பறித்து வரும் சிக்கனத்துக்கு நம் பெயரைக் கொடுக்க நாம் மறுக்கலாம்.

தமிழ்ப் பெண்கள் இந்த வேறுபாட்டைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மலாயாவின் கரும்பு, ரப்பர்த் தோட்டங்களுக்கு 'மலிவான உழைப்பு' என்று கப்பலேற்றப்பட்டவர்கள் நம்மவர்கள். அந்தத் தோட்டங்களில் பால்வெட்டிய தமிழ்ப் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த நாட்கூலி என்று அதிகாரிகளே நிர்ணயித்தார்கள். விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டு மரத்துக்குப் போன அவளுடைய அந்த நேரம் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. அந்த மொழியைப் பேசிக்கொண்டு, அதே கடற்கரையில், இன்று நாம் வாங்குகிறவர்களின் பக்கம் நிற்கிறோம். அந்த வரலாறு நம்மைக் குற்றவாளி ஆக்கவில்லை. ஆனால் ஜாவாப் பெண்ணின் படிகளைப் பார்த்து 'எனக்கு எப்படித் தெரியும்' என்று சொல்லும் வசதியை நம்மிடமிருந்து எடுத்துவிடுகிறது.

எனவே நீண்ட நாள் தங்கப் போகும் பெண்களிடம் நான் சொல்வது இதுதான். கணக்கு நோட்டில் இன்னொரு பத்தி போடுங்கள். அதில் பணத்தை எழுதாமல் மணியை எழுதுங்கள். துணி அலசிய அரைமணி யாருடையது? டிக்கெட் தேடிய இரண்டு மணி யாருடையது? ஒரு நாள் அந்தப் பத்தியைக் கணவரிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். வாதம் செய்வதைவிட அது வேகமாகப் புரியும். அறை எடுக்கும்போது படுக்கை, மின்விசிறி, வைஃபை பற்றிக் கேட்பதோடு, சுத்தம் செய்பவருக்கு வாரத்தில் எந்த நாள் ஓய்வு என்றும் கேளுங்கள். கேட்பது நம் உரிமையா என்று தயங்க வேண்டாம். வாடகையில் ஒரு பகுதி அந்தப் பதிலுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். அவருடைய ஓய்வு நாளில் உங்கள் விரிப்பு மாறாமல் இருக்கட்டும். திரும்பி வந்தபிறகு அதே கேள்வியை உங்கள் தெருவிலும் கேளுங்கள், சங்கமாகச் சேர்ந்து கேட்கும் பெண்களோடு நில்லுங்கள்.

இதனால் பயணம் கொஞ்சம் விலை கூடும். 28 நாள் 24 நாளாகக் குறையலாம். அது பரவாயில்லை. எவருடைய ஓய்வையும் தின்னாத ஓய்வு 24 நாளுக்குக் கிடைக்குமானால், அதற்குப் பிறகு 'சிக்கனமானவள்' என்று யாராவது நம்மைப் பாராட்டினால் கூசாமல் ஏற்றுக்கொள்ளலாம்.